விழிப்புணர்வுப் படத்துச் சமையலறை

ஒட்டுப்பலகையில் கட்டிய சமையலறையில், கொதிக்கும் விளக்குகளின் கீழ் அவள் நிற்கிறாள். அவள் வீட்டில் நடந்த எரிவாயு விபத்தைப் பற்றிய விழிப்புணர்வுப் படம்; அவளாக அவளே நடிக்கிறாள். தழும்பு மினுங்குகிறதென்று மேக்கப்காரப் பெண் அவள் கன்னத்தில் பவுடர் ஒற்றுகிறாள். மைக்கில் இரைச்சல் விழுமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். வெந்து ஆறிய தோல் வியர்ப்பதில்லை; உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறது. அடுப்பருகே, அந்த விபத்தில் இறந்துபோன அவள் தங்கையாக நடிக்கவந்த பெண் பின்னலை முன்னால் இழுத்துவிட்டுச் சிரிக்கிறாள். “அக்கா, அன்னைக்கு கேஸ் கசியறது தெரியாம லைட்டப் போட்டீங்கல்ல, அதே மாதிரி போடுங்க,” என்கிறார் இயக்குநர். அவள் விரல் ஸ்விட்ச்சைத் தொடாமல் நூலிழை தூரத்தில் நிற்கிறது. “பயப்படாதீங்கக்கா, அது டம்மிதான். சிலிண்டரும் காலி.” “தெரியும் தம்பி,” என்கிறாள் அவள், கையை இறக்காமல். “மொதல்ல அந்தப் பொண்ண வெளிய போகச் சொல்லுங்க.”