இரண்டு நூல்

என் மனைவி கிராவல் மேட்டின் நடுவில் உட்கார்ந்து, முளையின் தலையில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தம் வராமலிருக்க முளையின் மேல் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருந்தாள்.

நான் சட்டென்று சல்லிக் குவியலுக்குப் பின்னால் குனிந்தேன். அறுபத்தோரு வயதில் குனிவது சுலபம், நிமிர்வதுதான் பெரும்பாடு.

காய்கறி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள். சனிக்கிழமைகளில் காலையிலேயே போய்விடுவாள். இன்று சிலிண்டர்காரருக்காகக் காத்திருந்ததில் மாலை ஆகிவிட்டது. பக்கத்தில் பை இருந்தது, அதில் வெண்டைக்காயும் இருந்தது. பொய் சொன்னாலும் அதில் பாதியை உண்மையாக்கிவிடுகிறவள் அவள்.

இரண்டு தட்டு. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் ஒரு தட்டு.

அந்த முளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெல் விளைந்துகொண்டிருந்த வயலை வாங்கி, முழங்கால் அளவு சேற்றை அள்ளிக் கொட்டி, நூற்றுநாற்பது லோடு கிராவல் அடித்து, ரோலர் ஓட்டி, நடுவில் அறைந்த முளை அது. வயலில் கொட்டிய மண் உடனே உட்கார்ந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மேஸ்திரி வருவார். சாலையோரக் கல்லிலிருந்து முளை வரைக்கும் தண்ணீர்க் குழாயை இழுத்து மட்டம் பார்ப்பார். மூன்று ஞாயிறு முளை அசையாமல் நின்றால் அஸ்திவாரம் தோண்டலாம்.

முளை நிற்கவேயில்லை.

வாரத்துக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், சொல்லிவைத்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வாரமாக.

“வயலுக்கு இன்னும் வயல் நெனப்பு போகல சார். பொறுமையா இருங்க” என்பார் மேஸ்திரி.

நான் முப்பத்துநான்கு வருடம் நில அளவையராக இருந்தவன். அலுவலகத்தில் எனக்குச் ‘சங்கிலி’ என்று பட்டப்பெயர். அளவுச் சங்கிலியைத் தவிர வேறெதையும் நம்பமாட்டேன் என்று அதற்குப் பொருள். ஒரு சாண் நிலத்துக்காக வெட்டிக்கொள்ளப் போன அண்ணன் தம்பிகள்கூட என் அளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மேஸ்திரி குழாயை மட்டுமே பார்த்தார். முளையின் காலைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

இந்த வீடே அவளுக்காகத்தான். எனக்கு வந்த மாற்றல்களில் பதினோரு வாடகை வீடு பார்த்தவள். ஒவ்வொன்றிலும் முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணியில்தான் எங்கள் காலண்டர் தொங்கியது. யாரையும் கேட்காமல் ஒரே ஒரு ஆணி அடிக்க வேண்டும், அதற்கு ஒரு சுவர் வேண்டும் என்பாள். பணி ஓய்வு விழாவில், மாலையும் கழுத்துமாக, “அடுத்த வருஷம் சொந்த வீட்டில் சந்திப்போம்” என்று மைக்கைப் பிடித்து முழங்கியவன் நான். கைதட்டல்கூட வந்தது.

மூன்று மாதம் என்று சொல்லி மகன் வீட்டுக்கு வந்தோம். பதினான்கு மாதம் ஆகிறது. ஹாலில் படுக்கை. பேத்தி நடுவில் படுத்து, ஆளுக்கொரு காலை எங்கள் மேல் போட்டுக்கொள்வாள். இரவில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மருமகள் தங்கமான பெண். ஒரு நாளும் போங்கள் என்று சொன்னதில்லை. இருங்கள் என்றும் சொன்னதில்லை.

ஞாயிறு மதியம் சாப்பாட்டில் மகன் கேட்பான், நிலம் எப்படி இருக்கிறதென்று. இரண்டு நூல் என்பேன். மருமகள் தலையாட்டிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். என் மனைவியோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “அவசரப்படாதீங்க. மண்ணு தானா நிக்கட்டும்” என்பாள்.

அந்த முகத்தைப் பார்த்து, பாவம், சொந்தச் சுவருக்கு இப்படி ஏங்குகிறாளே என்று எத்தனை ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை!

இப்போது அவள் கைக்குட்டையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். முளையைச் சுற்றிக் காலால் மண்ணை நிரவினாள். திருட்டு வேலையைக்கூட என்னைவிடச் சுத்தமாகப் பார்க்கிறாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போக்கிடம் இல்லாத கிழவனும் கிழவியும் மகன் வீட்டில் இருக்கலாம், அது உலக வழக்கம். வீடு கட்டி முடித்த பிறகும் இருந்தால் ஒண்டிக்கிடப்பதாகப் பேர். மண் இறங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் எங்களுக்கு அந்த ஹாலில் கௌரவமான ஒரு இடம் உண்டு. மண் நின்ற அன்றைக்கு, பேத்தி தனியாக ஒரு கட்டிலில் படுத்துக்கொள்வாள். எங்களுக்கு மிஞ்சுவது நான்கு சொந்தச் சுவரும், நடுவில் பேசிக்கொள்ள ஒருவருக்கு இன்னொருவரும்தான்.

இவ்வளவும் அவள் மனதில் ஓடியிருக்கிறதென்று எனக்குச் சொடக்குப் போடும் நேரத்தில் புரிந்துவிட்டது. அத்தனை சீக்கிரம் புரிந்ததில்தான் வெட்கம்.

அவள் பையை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மேட்டிலிருந்து இறங்கினாள். சாலையில் ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப்போகும் வரை காத்திருந்தேன்.

பிறகு குவியலைப் பிடித்து எழுந்து, முளைக்குப் போய், சட்டைக்குள்ளிருந்து என் சுத்தியலை எடுத்தேன்.

வாசகசாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, பன்னிரண்டு சனிக்கிழமையும் நான் அடித்தது வாரத்துக்கு ஒரு நூல்தான். மற்ற ஒரு நூல் மண்ணின் வேலை என்று நம்பியிருந்தேன்.