இன்ஸ்பெக்டருக்கு ஒரு சட்டை

இன்ஸ்பெக்டர் சமையலறைக் கூரையைப் பிய்த்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அட்டைக் கூரைதான். தீக்குச்சிகளைப் பிளந்து ஓடு மாதிரி அடுக்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாக அவள் ஒட்டியது. பிய்ந்தபோது சரக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

அவள் கத்தவில்லை. பசை படாத இரண்டு விரல்களால் செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சிதைவு நன்றாகவே விழுந்திருந்தது.

பிளாக்கில் போட்டால் இது ஓடும் என்று அவளுக்குத் தெரியும்.

காலையில்தான் ஒரு பெண் கேட்டிருந்தாள். பூத்தையல் பற்றிப் புதிதாக வலைப்பூ ஆரம்பித்திருக்கிறாளாம். ‘அக்கா, நானும் விழுந்து விழுந்து எழுதுறேன், ஈ காக்கா எட்டிப் பாக்கலை. உங்க பிளாக் மட்டும் எப்படி இப்படிப் பிச்சுக்கிட்டு ஓடுது?’

என்னவென்று சொல்வது?

அவளும் முதலில் விழுந்து விழுந்துதான் எழுதினாள். உள்ளங்கையில் அடங்கும் வீட்டுக்குப் படிக்கட்டு வைப்பது எப்படி, எந்தப் பசை நாளாக நாளாக மஞ்சளடிக்கும், நகவெட்டியால் நாற்காலிக் கால் சீவுவது எப்படி. படித்தது நாலே பேர். அதில் ஒன்று அவள் தங்கை. இன்னொன்று அதே தங்கையின் ஆபீஸ் கம்ப்யூட்டர்.

பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டர் அவள் கட்டிய அட்டைத் தபால் நிலையத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நசுங்கியதைப் படம் பிடித்து, ‘இன்ஸ்பெக்டர் இன்று ஆய்வுக்கு வந்தார். கட்டடம் தேறவில்லை’ என்று இரண்டே வரி போட்டாள். அழக்கூடாது என்றுதான் அப்படி எழுதினாள்.

அன்று மாலைக்குள் ஊரே வந்து சிரித்தது.

அதற்குப் பிறகு அவள் வீடுகளைப் பார்க்க யாரும் வருவதில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர் குட்டி வாணலியை வாயில் போட்டுக்கொண்டதற்கு ஒரு கூட்டம். நூலகத்துக்குள் பாலை ஊற்றியதற்கு அதைவிடப் பெரிய கூட்டம். ‘எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, இதே அராத்து.’ ‘திட்டிடாதீங்கக்கா, இந்த வயசு திரும்ப வராது.’

தங்கை வந்து காவல் இருந்தால் ஒழிய அவளால் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாது. ஆள் பேச்சு என்றால் அவளுக்கு அந்தப் பின்னூட்டங்கள்தான். அவர்களும் போய்விட்டால் இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் குட்டிக் கதவுக்குள் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார்.

“இது யார் வீடு?”

“நம்ம வீடுதான்.”

“கதவு இத்தனூண்டு இருக்கே. உள்ள எப்படிம்மா போறது?”

அவர் கழுத்தில் கட்டியிருந்த துண்டின் நுனியால் மோவாயில் ஒட்டியிருந்த வாழைப்பழத்தைத் துடைத்தாள். பிறகு படத்தை ஏற்றினாள். ‘இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். காற்றோட்டம் போதாது என்று கூரையை எடுத்துவிட்டார்.’

சிரிப்புகள் வந்து விழ ஆரம்பித்தன. நடுவில், ஒரு பதிவையும் விடாமல் படிக்கும் ரெட்டைப்பிள்ளைக்காரி எழுதினாள்.

‘அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை நம்மாளுக்குப் பொறந்தநாள்னு போன மாசம் சொன்னீங்களே! நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு சட்டை அனுப்பப் போறோம். வயசு என்ன, அளவு என்ன? மழுப்பாம சொல்லணும்.’

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சவரம் செய்ய விடாததால் கன்னமெல்லாம் நரை முளைத்திருந்தது. கல்லூரியில் வருடக்கணக்காகக் கணக்கு சொல்லிக்கொடுத்த கை, தீக்குச்சி ஓடுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில், அவள் அட்டையில் கட்டிய முதல் வீட்டுக்கு அளவுகோல் பிடித்துக் கோடு போட்டுத் தந்த கணவர். மூளைக்குள் மறதிநோய் ஆரம்பித்துவிட்டது, இனி சரியாகாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவராகிக்கொண்டே போகிறவர்.

குழந்தை என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. குழந்தை என்றால்தானே சிரிக்க முடியும்.

ஆனால் சட்டை என்று வந்துவிட்டது. யாரோ காசு போட்டு, யாரோ கடை ஏறி இறங்கி வாங்கப் போகிறார்கள். ஒருவருக்காவது தெரியட்டும் என்றும் இருந்தது. தெரிந்தால் எல்லாரும் வாயடைத்துப் போய்விடுவார்களே என்றும் இருந்தது. பசைக்கை கீபோர்டில் ஒட்ட ஒட்டத் தட்டினாள்.

‘அறுபத்தொரு வயது. சட்டை அளவு நாற்பத்திரண்டு.’

அனுப்பிவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

அப்புறம் கொட்ட ஆரம்பித்தது. ‘ஹா ஹா ஹா!’ ‘ஐயோ அக்கா, முடியல!’ ‘நாப்பத்திரெண்டா? தொப்பைக்கும் சேர்த்தா?’ ‘அப்ப ஐயா ரிட்டயர் ஆயாச்சுன்னு சொல்லுங்க!’ ‘இதுக்குத்தான்கா உங்க பிளாக்கை விடவே முடியல.’

அவள் ‘இல்லை, நிஜமாகத்தான்’ என்று அடித்தாள். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

கடைசியில் ரெட்டைப்பிள்ளைக்காரியே விட்டுக்கொடுத்தாள்.

‘சரி சரி, சொல்ல மாட்டீங்க. மூணு வயசுக்கு எடுக்கறோம். கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாலும் பரவாயில்ல, வளர்ற பிள்ளைதானே. என்ன கலர் புடிக்கும்? அதையாவது சொல்லுங்க.’

அவள் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துப் போட்டாள்.

‘நீலம்’ என்று பதில் போட்டாள்.