நிமிரணும்

“நாளைக் காலைல எட்டு மணிக்குள்ள வண்டி நிமிரணும் அண்ணாச்சி. முடியாதுங்கற பேச்சே வேண்டாம்” என்றாள் பேராச்சி.

குர்லாவிலிருந்து தாராவிக்கு வந்திருந்த மெக்கானிக் இசக்கிப்பாண்டி அந்தப் பழைய வேனின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து, பம்பர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“உள்ள என்ன பாரம்?”

“நாங்க ஆறு பேரு, ரெண்டு டிரங்குப் பெட்டி, ஒரு ஆட்டுரல்.”

“ஆட்டுரலையுமா தூக்கிட்டுப் போறிய? அம்புட்டுத் தூரமா?”

“நீங்க பட்டையைப் போடுங்க.”

லாரியில் கழித்த பட்டைகளை இரண்டு பக்கமும் சேர்த்து முறுக்கினான். ஒரு போல்ட் முறிந்தது, வேறு போட்டான். சாயங்காலம் ஜாக்கியை இறக்கியபோது பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்து நின்றது.

“சாவியைக் கொடுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்திருவோம்” என்று முன்னால் வந்தவன் பதறிப்போனான். பானெட் இடுக்கில் ஆவி!

“யம்மா, ஸ்டார்ட்டே பண்ணல, ரேடியேட்டர் கொதிக்கே!”

பேராச்சி பானெட்டைத் தூக்கினாள். உள்ளே ஸ்டவ். அதன்மேல் சோற்று உலை.

“எஞ்சின் இல்லாமத்தான் அண்ணாச்சி வாங்கினோம். நாளைக்கு முனிசிபாலிட்டில இருந்து குடிசை, ஜோப்டியெல்லாம் இடிக்க வாராங்க. சக்கரத்துல நின்னா வண்டி, தரையைத் தொட்டா ஜோப்டின்னு ஆபீசர் சொல்லிட்டுப் போயிருக்கான்.”

இசக்கிப்பாண்டி போய்த் தன் சைக்கிளில் இருந்த ரப்பர் ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“இதையும் மாட்டுதேன். ஆபீசர் வந்ததும் நல்லா அமுக்குங்க. வழி விடட்டும்.”