ஸ்வெட்டர் டூட்டி

“துபாய்ல வெயில் கொளுத்துதாமே, டிவில சொன்னாங்க” என்றாள் மனைவி தாமரை, ஊரிலிருந்து போனில்.

“எனக்கென்ன வெயில்? காடு மாதிரி மரங்களுக்கு அடியில ஜின்செங்னு ஒரு மருந்துக் கிழங்கு விதை போடுறேன். குளிருக்கு ஸ்வெட்டரே குடுத்திருக்காங்க.”

“சும்மா சொல்லாதீங்க.”

“உன்மேல சத்தியமா!”

வந்த நாளிலிருந்து ‘சுகமான வேலை’ என்று அவளிடம் பொய்யையே சொல்லிவந்த அருள்முருகன், அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னான்.

சூப்பர்வைசர் கைதட்டினார். “கலாஸ், முடிஞ்சுது! விதை போட்டாச்சு. ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுத்துட்டு எல்லாரும் வெளியே போங்க. ஆளுங்க இருந்தா சூடு ஏறும், விதை கெட்டுடும்.”

“நாளைக்கு எங்க சார் டூட்டி?”

“பழையபடி ரோடு சைட்தான்.”

கண்ணாடிக் கதவு திறந்தது. முதலாளியின் ஏசி தோட்டத்துக்குள் வசந்தகாலம். வெளியே, ஜூன் மாதம் முகத்தில் அறைந்தது.

ஆகஸ்ட்டில் ஒருநாள், தார் ரோட்டில் நிற்கும்போது தாமரை போனில் கூப்பிட்டாள்.

“நீங்க சத்தியம் பண்ணதை என் தம்பிகிட்ட சொன்னேன். வெயிலுக்குப் பயந்து வரமாட்டேன்னவன், உங்க கம்பெனிக்கே விசா எடுத்துட்டான். மச்சான்கிட்ட மூச்சு விடாதேன்னுட்டான். இப்பத்தான் ஃபிளைட் ஏத்திவிட்டோம். புது ஸ்வெட்டர் போட்டுக்கிட்டே போறான்!”