இருபத்தேழாம் நம்பர் கோட்டு

கக்கூஸுக்குள் நின்று ஜெயசுதாவின் கோட்டை நான் மாட்டிக்கொண்டேன். என் கோட்டை அவளிடம் கொடுத்தேன்.

சாப்பாட்டு ரூமில் மதுரை டாக்டர் ஒரு குழாயோடு உட்கார்ந்திருந்தார். அதில் ஊதினால் மூச்சு எவ்வளவு என்று முள் காட்டும். அவருக்கு எங்கள் முகம் தெரியாது. கோட்டில் உள்ள நம்பரைத்தான் எழுதுவார்.

இறால் குட்டைகளுக்குப் போடுகிற என்சைம் பவுடர் எங்கள் கம்பெனியில் தயாராகிறது. நாங்கள் இருவரும் கலவை ரூம். காலிச் சாக்கை உதறினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது.

ஆறு மாதமாக ஜெயசுதாவுக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள்.

போன வருஷம் இப்படி இழுத்த பிச்சையம்மாளை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவள் ஊரான திருப்பாலைக்குடிக்கே அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஜெயசுதாவுக்கு ஊதுகிற குழாய் என்றாலே பயம்.

"என் மூச்சு ஒன் நம்பர்ல ஏறுனா ஒனக்கு வேலை போயிருமேக்கா" என்று அழுதாள்.

"எனக்கு வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. போனா போகுது. நீ மூஞ்சியத் தொடைடி" என்றேன்.

அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடிவயிற்றிலிருந்து ஊதினேன். டாக்டர் தலையாட்டிவிட்டு இருபத்தேழுக்கு நேராக எழுதினார். எனக்குப் பின்னால் என் கோட்டோடு வந்து அவள் ஊதினாள். முள் அசையவே யோசித்தது.

சாயங்காலம் சூப்பர்வைசர் காளிராஜ் அண்ணன் லிஸ்டை வாசித்தார். பன்னிரண்டாம் நம்பருக்கு மூச்சு மோசம், நாளையிலிருந்து ஸ்டிக்கர் ரூம். அது நான். அங்கே தூசி கிடையாது, ஏசி உண்டு.

இருபத்தேழுக்கு நல்ல நெஞ்சு. கலவை ரூமில் இனி இரண்டு மெஷினையும் அவளே பார்க்கலாம்.

காளிராஜ் அண்ணன் அந்த வரியை இரண்டு தடவை பார்த்தார். டாக்டர் எழுதியதை அவர் எப்படி மாற்றுவார். கோட்டு மாற்றியதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும், அதனால் ஜெயசுதாவும் வாயைத் திறக்க மாட்டாள்.

திறக்கவில்லை. அக்காவுக்கு வேலை போகவில்லையே என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சு கர்கரென்று இழுத்தது.

எனக்கும் இரண்டு வாரமாகக் கண் அரிக்கிறது. இழுப்பு வரட்டும் என்று காத்திருக்க நான் என்ன கிறுக்கியா?

இந்த வருஷம் யாரையும் நிறுத்தப் போவதில்லை, மூச்சு ரொம்பக் குறைந்த ஒரு ஆளை ஸ்டிக்கர் ரூமுக்கு மாற்றப் போகிறார்கள் என்று காளிராஜ் அண்ணன் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

ஜெயசுதா பயந்துகொண்டிருப்பாள், அவளிடமும் சொல்லிவிடு என்றார்.