பெயருக்கான இடம்

பக்கவாதத்தில் ஞானசேகரனின் பேச்சும் உடலசைவும் போயின. இப்போது அவர் கழுத்தில் பொருத்திய கருவிதான் அவருக்காகப் பேசும். பராமரிப்பு இல்லம் அதில் ஒரே வாசகத்தை வைத்திருந்தது. பெயர் வரும் இடத்தில் மட்டும் அவர் நினைக்கும் ஒரு சொல் விழும். வீட்டாருக்கு இது தெரியாது.

கருவி பொருத்தியபின் மனைவி பொற்கொடி அன்றுதான் முதன்முதலாக வந்தாள்.

“இங்க உங்களுக்குப் பிடிச்சிருக்கா? இல்ல, கூட்டிட்டுப் போகவா?”

கருவி பேசியது: “வணக்கம், வீட்டுக்கு அவர்களே. நான் நலம். இங்கே எல்லாம் வசதியாக இருக்கிறது.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். “உங்க பேரே மறந்துபோச்சு போலக்கா. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையைக் கூட்டிடலாம்.”

பொற்கொடி அவர் கையைப் பிடித்தாள். “நான் யாருன்னு தெரியலையாங்க? ஒரு தடவை என் பேரச் சொல்லுங்களேன்.”

மாத்திரை கூடினால் நினைப்பும் மங்கிவிடும். அவருக்கு வேறு வழியில்லை.

“வணக்கம், பொற்கொடி அவர்களே. நான் நலம். இங்கே எல்லாம் வசதியாக இருக்கிறது.”

“அப்பாடா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பொற்கொடி. “அப்ப இங்கயே இருங்க. எனக்கு இது போதும்.”