தனித்தாளில் விழுந்த முத்திரை

பல நாடுகள் ஒதுக்கி வைத்த நாடு அது. அதன் முத்திரை பாஸ்போர்ட்டில் இருந்தால் அந்த நாடுகள் உள்ளே விடாது. அதனால் அங்கே முத்திரையைத் தனித்தாள் ஒன்றில் குத்தி உள்ளே செருகித் தருவார்கள். திரும்பும்போது வாங்கிக் கிழித்துவிடுவார்கள்.

செசிலியா தன் அக்காவைப் பார்க்க அங்கே வந்திருந்தாள்.

"மை ஒட்டாம தள்ளிப் படு," என்றது பாஸ்போர்ட்.

"ஒட்டாது அண்ணே. நல்லா காய்ஞ்சிட்டேன்," என்றது தாள்.

பத்து நாள் இரண்டும் ஒரே கைப்பையில் கிடந்தன. அக்காவும் தங்கையும் சிரித்ததை, சண்டை போட்டதை, கடைசி நாளில் அழுததைச் சேர்ந்தே கேட்டன.

விமான நிலையத்தில் தாள் மெதுவாகச் சொன்னது: "என்னைக் கிழிச்சிடுவாங்க. யாராவது கேட்டா, நாம இங்க வந்தோம்னு சொல்வீங்களா?"

"சொல்லாம இருப்பேனா?" என்றது பாஸ்போர்ட்.

அதிகாரி தாளை உருவி இரண்டாகக் கிழித்தார்.

செசிலியா வேலை பார்க்கும் நாடும் அந்தப் பல நாடுகளில் ஒன்று. அங்கே இறங்கியதும், "அந்த நாட்டுக்குப் போயிருந்தாயா?" என்று கேட்டார்கள்.

பாஸ்போர்ட் தன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டி, "நீங்களே பாருங்க," என்றது.

"அங்கே எனக்கு யாரும் இல்லை," என்றாள் செசிலியா.